உளவியற் சஞ்சிகைக்கு ஆராய்ச்சிக் கட்டுரை அமைத்தல்

ஆராய்ச்சி என்பது ஆய்வுகூடத்திலே தொடங்கி ஆய்வுகூடத்திலேயே முடிவதன்று. ஒருவர் கண்டதை, அவரை முன்பின் அறியாத இன்னொருவர் அவர் துணையின்றிப் படித்துணர்ந்து, ஐயுற்று ஆராய்ந்து, வேண்டுமாயின் மீண்டும் செய்து பார்ப்பதற்கு ஏற்றவாறு எழுத்தில் அமைத்த பின்னரே அஃது அறிவுலகின் பொதுவுடைமையாகின்றது. அங்ஙனம் எழுத்தில் அமைக்கும் வேலையை, ஆராய்ச்சி முடிந்தபின் அதற்குச் செய்யும் ஒப்பனையெனப் பலர் எண்ணுவர். உளவியற்றுறையின் அண்மைக்கால வரலாறு அவ்வெண்ணம் தவறென்பதைத் தெளிவாகக் காட்டியுள்ளது. அத்துறையின் பெயருக்கு நேர்ந்த இழுக்குக்குக் கட்டுரை எழுதும் முறையும் ஒரு காரணமாயிற்று. அம்முறையைத் திருத்துவதன் மூலமே அத்துறை அறிஞர் அவ்விழுக்கைத் துடைக்க முயன்று வருகின்றனர். ஆதலின், உளவியற் சஞ்சிகையொன்றுக்கு அனுப்பத்தக்க கட்டுரையை அமைக்கும் விதிகளை அவற்றின் காரணங்களோடு சேர்த்து அறிந்துகொள்ளுதல் பயனுடைத்து.

நூல் செய்தோர் அதனை அவையோர் முன் அரங்கேற்றுதல் தமிழர்க்குப் புதியதொன்றன்று. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு முன் அரங்கேறியதெனப் பனம்பாரனாரின் பாயிரம் கூறும். நூலாசிரியர் பெயர், நூல் வந்த வழி, அது நுதலிய பொருள், அதனைக் கேட்டற்குரியார், அதனாலாகும் பயன் முதலியவற்றைப் பாயிரத்திலேயே உணர்த்தவேண்டுமென நன்னூலார் விதித்தார். இக்காலச் சஞ்சிகைகள் கேட்பனவும் பெரும்பாலும் இவையே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அவைக்களத்தில் நூலாசிரியர் எழுந்து நின்று வினாக்களுக்கு விடையிறுக்கலாம். சஞ்சிகையின் மதிப்பீட்டாளரோ எங்கோ தொலைவில் உள்ளவர். தம் கையிலுள்ள கட்டுரையைத் தவிர வேறொரு சான்றும் இல்லாதவர். எனவே அவர் கேட்கக்கூடிய வினா ஒவ்வொன்றுக்கும் விடை கட்டுரையிலேயே முன்கூட்டி அமைந்திருத்தல் வேண்டும். கட்டுரையமைப்பு விதிகள் அனைத்துக்கும் அடிப்படை இதுவேயாம்.

விதிகள் தோன்றிய வரலாறு

பரிசோதனை உளவியல் ஜேர்மனியில் லைப்சிக் நகரத்தில் வில்ஹெல்ம் வுண்ட் என்பாரின் ஆய்வுகூடத்தில் உருப்பெற்றது. அமெரிக்காவில் அத்துறைக்கெனத் தனியான சஞ்சிகையை 1887 ஆம் ஆண்டில் ஸ்ரான்லி ஹோல் தொடங்கினார். 1892 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியற் சங்கம் நிறுவப்பட்டபோது அதன் முதற் றலைவராக விளங்கியவரும் அவரே. அடுத்த நாற்பது ஆண்டுகளில் சஞ்சிகைகள் பெருகின. ஒவ்வோர் ஆசிரியரும் தத்தமக்குத் தோன்றியவாறு கட்டுரை எழுதி அனுப்பினர். நீளமும் ஒழுங்கும் மேற்கோள் காட்டும் முறையும் வெவ்வேறாக இருந்தமையால் பதிப்பாசிரியர்க்கு உழைப்பும் அச்சகத்தார்க்குச் செலவும் மிகுந்தன.

இக்குறையை நீக்குதற்பொருட்டு 1928 ஆம் ஆண்டில் உளவியல், மானிடவியல் ஆகிய துறைகளின் சஞ்சிகைப் பதிப்பாசிரியர்களும் முகாமையாளர்களும் ஒன்றுகூடினர். மடிசன் பென்ற்லி தலைமையிலான அக்குழுவினர் வகுத்த விதிகள் 1929 ஆம் ஆண்டில் ஏழே பக்கங்களில் வெளிவந்தன. 1952 ஆம் ஆண்டில் அவை விரிந்து "வெளியீட்டுக் கைந்நூல்" என்னும் பெயரைப் பெற்றன. 1974 ஆம் ஆண்டில் அதன் இரண்டாம் பதிப்பும், 2019 ஆம் ஆண்டின் இறுதியில் ஏழாம் பதிப்பும் வெளியாயின. இன்று உளவியலார் மட்டுமன்றிக் கல்வியியல், தாதியியல், சமூகவியல் முதலிய துறையினரும் அக்கைந்நூலைப் பின்பற்றுகின்றனர். அச்சுச் செலவைக் குறைக்கத் தோன்றிய விதிகள் காலப்போக்கில் ஆராய்ச்சியின் நேர்மையைக் காக்கும் விதிகளாக வளர்ந்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

கட்டுரையின் உறுப்புகள்

பரிசோதனைக் கட்டுரையொன்றின் உறுப்புகள் தலைப்பு, சுருக்கம், முன்னுரை, முறை, பேறுகள், ஆய்ந்துரை, உசாத்துணை என்பனவாம். இவற்றின் இயல்பை விளக்குதற்கு, ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் உண்மையான ஆராய்ச்சியொன்றை எடுத்துக்கொள்ளலாம். ஹென்றி றோடிகர், ஜெஃப்றி கார்பிக்கி என்னும் இருவர் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அது. பாடமொன்றைத் திரும்பத் திரும்பப் படித்தல் நன்றா, ஒருமுறை படித்தபின் ஏட்டை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தல் நன்றா என்பதே அவர்கள் எழுப்பிய வினா.

தலைப்பு, ஆராயப்பட்ட பொருளை நேரே கூறுதல் வேண்டும். அணிநயமும் புதிர்ப்போக்கும் அதற்கு வேண்டா. மேற்கூறிய ஆசிரியர் தம் கட்டுரைத் தலைப்பிலேயே, நினைவுச் சோதனை எழுதுவதால் நெடுங்கால நினைவு வலுப்பெறும் என்பதைத் தெரிவித்துவிட்டனர். பிற்காலத்தில் அப்பொருளைத் தேடுவோர் கையில் அக்கட்டுரை தப்பாமற் கிடைப்பதற்கு அதுவே வழி.

சுருக்கம் பொதுவாக 250 சொற்களுக்கு மேற்படலாகாது. கட்டுரை முழுவதையும் எழுதியபின் அதனை எழுதுதல் நன்று. வினா, பங்குபற்றியோர், முறை, முதன்மையான பேறுகள், முடிவு ஆகிய அனைத்தும் அதில் அடங்குதல் வேண்டும். கட்டுரையிற் காணப்படாத செய்தியெதுவும் சுருக்கத்தில் இடம்பெறலாகாது. பலர் சுருக்கத்தை மட்டுமே படிப்பராதலின், ஆராய்ச்சியின் சாதகமான பகுதியை மட்டும் அதில் வைத்துப் பாதகமானதை உள்ளே மறைத்தல் வாசகரை ஏமாற்றுவதாகும்.

முன்னுரையில் மூன்று செய்திகள் முறையே வருதல் வேண்டும். இதுவரை அறியப்பட்டது யாது, அதில் எஞ்சியிருக்கும் ஐயம் யாது, அவ்வையத்தைத் தீர்க்க இவ்வாராய்ச்சி எடுத்துக்கொண்ட கருதுகோள் யாது என்பனவே அவை. முன்னோர் ஆக்கங்களை வரிசையாக அடுக்குதல் முன்னுரையாகாது. எடுத்துக்கொண்ட வினாவுக்கு வழிகாட்டுவனவற்றை மட்டுமே தெரிந்து கூறுதல் வேண்டும். அவ்வாறு கூறுமிடத்துத் தம் கருத்துக்கு மாறானவற்றையும் விடாது கூறுதல் நேர்மையாம்.

முறை என்னும் உறுப்பே கட்டுரையின் முதுகெலும்பு எனலாம். யாரை வைத்து, எவ்வளவு பேரை வைத்து, எக்கருவியைக் கொண்டு, எவ்வொழுங்கிற் செய்யப்பட்டது என்பதை, வேறொருவர் அவ்வாறே செய்து பார்க்கத்தக்க நுட்பத்தோடு எழுதுதல் வேண்டும். றோடிகரும் கார்பிக்கியும் தம் முதற் பரிசோதனையில் 120 பல்கலைக்கழக மாணவரைப் பங்குபற்றச் செய்தனர். ஒரு பகுதி சூரியனைப் பற்றியும் மற்றொரு பகுதி கடல் நீர்நாயைப் பற்றியும் அமைந்த இரு உரைநடைப் பகுதிகளை அவர்களுக்குக் கொடுத்தனர். ஒவ்வொரு பகுதியையும் முப்பது கருத்தலகுகளாகப் பிரித்து, மாணவர் நினைவிலிருந்து எழுதியவற்றுள் எத்தனை அலகுகள் உள்ளன என எண்ணினர். படிப்பதற்குக் கொடுத்த நேரம் 7 நிமிடம். இறுதிச் சோதனை சிலருக்கு 5 நிமிடத்தின் பின்னும், சிலருக்கு இரண்டு நாளின் பின்னும், சிலருக்கு ஒரு வாரத்தின் பின்னும் நடந்தது. இவ்விவரங்களைக் கொண்டு எந்நாட்டு ஆசிரியரும் அப்பரிசோதனையைத் தம் வகுப்பில் நடத்திப் பார்க்கலாம். முறையை எழுதுவோர் எய்தவேண்டிய அளவுகோல் இதுவே.

பங்குபற்றியோரைக் குறிக்குஞ் சொல்லிலும் கவனம் வேண்டும். முற்காலத்தில் அவர்களை ஆராயப்படும் பொருள்கள் போன்று வழங்கினர். 1994 ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு அவ்வழக்கைத் தவிர்த்து, விருப்பத்தோடு வந்து ஒத்துழைப்போர் என்னும் கருத்துத் தோன்றப் "பங்குபற்றுநர்" என வழங்குமாறு அறிவுறுத்தியது. அவர்களின் இசைவு பெறப்பட்டது என்பதையும், ஒழுக்கநெறிக் குழுவின் ஒப்புதல் கிடைத்தது என்பதையும் முறையில் குறிப்பிடுதல் கடமையாகும்.

பேறுகள் என்னும் உறுப்பில் கண்டவை மட்டுமே வருதல் வேண்டும். அவற்றின் பொருள் யாதென்னும் விளக்கம் பின்னருள்ள ஆய்ந்துரைக்கு உரியது. மேற்கூறிய பரிசோதனையில், 5 நிமிடத்தின் பின் நடந்த சோதனையிலே திரும்பப் படித்தோர் 81 வீதமும் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோர் 75 வீதமும் நினைவு கூர்ந்தனர். இரண்டு நாளின் பின் அந்நிலை மாறி முறையே 54 வீதமும் 68 வீதமும் ஆயிற்று. ஒரு வாரத்தின் பின் 42 வீதமும் 56 வீதமும் ஆயிற்று. உடனடிச் சோதனையில் திரும்பப் படித்தலே மேம்பட்டு நின்றது என்பதை அவ்வாசிரியர் மறைக்கவில்லை, சுருக்கத்திலேயே கூறினர். மறைத்திருப்பின், பரீட்சைக்கு முந்திய இரவு திரும்பத் திரும்பப் படிக்கும் மாணவன் தன் முறையே சிறந்ததென ஏன் நம்புகின்றான் என்பதற்கான விளக்கமும் மறைந்தே போயிருக்கும். தம் கருத்துக்குப் பாதகம் போலத் தோன்றிய பேறே அக்கட்டுரையின் பெரும்பயனாயிற்று.

எண்களை எழுதுவதற்கும் விதிகள் உள. இடை, நியம விலகல், பங்குபற்றியோர் தொகை ஆகியன குழுவுக்குக் குழு தரப்படல் வேண்டும். சூனியக் கருதுகோளைச் சோதித்துப் பெற்ற நிகழ்தகவை ஏறத்தாழக் கூறாது இரண்டு அல்லது மூன்று தசமதானங்களுக்குத் திட்டமாகக் கூறுதல் வேண்டும். ஒன்றுக்கு மேற்படவியலாத அத்தகைய எண்களில் தசமப் புள்ளிக்கு முன் பூச்சியம் இடுதல் வழக்கமன்று. நிகழ்தகவோடு நில்லாது, விளைவு எத்துணைப் பெரிது என்பதையும் அதன் நம்பிக்கை ஆயிடையையும் தருதல் வேண்டும். ஏனெனில் மிகப் பலரை வைத்து ஆராயுங்கால் பயனற்ற சிறு வேறுபாடும் புள்ளிவிபரவியலிற் பொருளுடையதாகத் தோன்றிவிடும்.

ஆய்ந்துரை, கருதுகோள் நிலைபெற்றதா இல்லையா என்னும் நேரான விடையோடு தொடங்குதல் வேண்டும். பின்னர் அதன் விளக்கமும், வேறு விளக்கம் கூடுமாயின் அதுவும், ஆராய்ச்சியின் எல்லைகளும் வருதல் முறை. கல்லூரி மாணவரிடம் கண்டதை உலகத்தார் அனைவர்க்கும் உரியதாகக் கூறுதல் மிகைபடக் கூறல் என்னும் குற்றத்தின்பாற்படும். குறிப்பிட்ட குறையொன்றையும் சுட்டாது, மேலும் ஆராய்ச்சி வேண்டுமென மொழிந்து முடித்தலும் பயனற்றது.

உசாத்துணையில், கட்டுரையில் எடுத்தாண்டவை அனைத்தும் இருத்தல் வேண்டும். எடுத்தாளாதது ஒன்றும் இருத்தலாகாது. கட்டுரையினுள் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துக் குறிக்கும் வழக்கினால், எக்கருத்து எப்போது எவரால் கூறப்பட்டது என்பது வாசிக்கும்போதே புலனாகின்றது. தாம் கண்ணாற் காணாத நூலைப் பிறர் நூலிற் கண்ட மேற்கோளைக் கொண்டு கண்டதுபோலக் காட்டுதல் தகாது.

எழுதுவோரைப் பற்றும் சோதனை

இதுகாறுங் கூறியவை எளியன போலத் தோன்றும். அவற்றைக் கடைப்பிடித்தற்குத் தடையாக நிற்பது அறியாமை மட்டுமன்று, அச்சேறவேண்டுமென்னும் ஆசையுமாம். றொனால்ட் பிஷர் 1925 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலுக்குப் பின்னர், நிகழ்தகவு இருபதில் ஒன்றுக்குக் குறைந்தால் பேறு பொருளுடையது எனக் கொள்ளும் வழக்கம் பரவியது. உண்மையில் வேறுபாடே இல்லையெனக் கொண்டால், கிடைத்ததைப் போன்றோ அதனினும் பெரிதாகவோ ஒரு வேறுபாடு தற்செயலாகத் தோன்றுவதற்குரிய நிகழ்தகவே அது. நாளடைவில் அவ்வெல்லையைக் கடந்த கட்டுரைகளையே சஞ்சிகைகள் விரும்பி ஏற்றன.

தியோடோர் ஸ்ரேர்லிங் என்பார் 1959 ஆம் ஆண்டில் நான்கு உளவியற் சஞ்சிகைகளை ஆராய்ந்து, இத்தகைய சோதனையைக் கையாண்ட 294 கட்டுரைகளுள் 286 கட்டுரைகள் சூனியக் கருதுகோளை மறுத்தனவே எனக் காட்டினார். எல்லாக் கருதுகோள்களும் வெற்றிபெறும் துறை உலகில் இல்லை. தோல்வியுற்றவை எங்கே போயின என்னும் வினா அப்போதே எழுந்தது. அவை ஆராய்வோரின் மேசை இழுப்பறைகளிற் கிடக்கின்றன என 1979 ஆம் ஆண்டில் றொபேட் றோசந்தால் விடை கூறினார்.

இழுப்பறையில் இடுதல் ஒரு வழி. கருதுகோளை மாற்றி எழுதுதல் மற்றொரு வழி. பேறுகளைக் கண்டபின் அவற்றுக்குப் பொருந்தும் கருதுகோளொன்றைப் புனைந்து, அதனையே தொடக்கமுதல் கொண்டிருந்ததாக முன்னுரையில் எழுதும் வழக்கத்தை நோபேட் கேர் 1998 ஆம் ஆண்டில் விரிவாக எடுத்துக்காட்டிக் கண்டித்தார். குழந்தை பிறந்தபின் ஆணென்று கூறி, அக்கூற்றுக்கு முன்தேதி இட்டு ஏட்டில் எழுதிவைக்கும் சோதிடரின் செயலை இஃது ஒத்தது. ஏட்டைப் படிப்போர்க்குச் சோதிடம் பலித்ததாகவே தோன்றும். முன்னறிந்து கூறும் ஆற்றல் உண்டா என்பதை அவ்வேட்டினால் அறிதல் இயலாது.

இவ்வழக்கம் தீயோரின் சூழ்ச்சியாக மட்டும் இருந்திருப்பின் அதனை ஒழித்தல் எளிது. நல்லாசிரியர் சிலரும் அதனை எழுத்துத் திறனாகவே போதித்தனர். கோணெல் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் டறில் பெம், கட்டுரை எழுதும் முறையைப் பற்றி மாணவர்க்கு எழுதிய கட்டுரையொன்று 1987 ஆம் ஆண்டிலே வெளிவந்து நெடுங்காலம் வழங்கியது. திட்டமிட்டபோது எண்ணிய கட்டுரையை எழுதாது, பேறுகளைக் கண்டபின் மிகப் பொருத்தமாகத் தோன்றும் கட்டுரையையே எழுதவேண்டுமென அதில் அவர் அறிவுறுத்தினார். வாசகர்க்குத் தெளிவு தருதலே அவரது நோக்கம். ஆயினும் தெளிவின்பொருட்டு நிகழ்ச்சிகளின் முன்பின் ஒழுங்கை மாற்றினால் சான்றின் வலிமையே மாறிவிடும்.

அவ்வறிஞரே 2011 ஆம் ஆண்டில், பின்னர் நிகழவிருப்பதை மனிதர் முன்னுணர்கின்றனர் எனக் காட்டுவதாக ஒன்பது பரிசோதனைகளைக் கொண்ட கட்டுரையொன்றைச் சிறந்த சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அவற்றிற் பங்குபற்றினர். கட்டுரை வழக்கமான விதிகளின்படியே அமைந்திருந்தது. வழக்கமான மதிப்பீட்டையும் கடந்தது. அதனை மீண்டும் செய்து பார்த்த ஆராய்ச்சியாளர் மூவர்க்கு அப்பேறு கிடைக்கவில்லை. மீள்பரிசோதனைகளை வெளியிடுவதில்லையென அச்சஞ்சிகை கூறிவிட்டமையால் அவர்தம் கட்டுரை 2012 ஆம் ஆண்டில் வேறிடத்தில் வெளியாயிற்று. வழக்கமான முறையைக் கொண்டு இத்தகைய முடிவையும் நிறுவலாமாயின் அம்முறையில் குறையுண்டு எனப் பலரும் உணர்ந்தனர்.

அதே 2011 ஆம் ஆண்டில் ஜோசப் சிமன்ஸ், லீவ் நெல்சன், யூரி சிமன்சன் என்னும் மூவர் அக்குறையை வேடிக்கையான சான்றொன்றாற் காட்டினர். குறிப்பிட்ட பாட்டொன்றைக் கேட்டமையால் மாணவரின் வயது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டது எனப் பொருளுடைய பேறொன்றை அவர்கள் பெற்றனர். பொய்யான தரவு ஒன்றையும் அவர்கள் சேர்க்கவில்லை. பலவற்றை அளந்து சிலவற்றை மட்டும் கூறுதல், விரும்பிய பேறு வரும்வரை ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போதல் முதலிய சிறு சலுகைகளே போதுமாயின. அத்தகைய சலுகைகள் நான்கு ஒன்றுசேர்ந்தால், இல்லாத விளைவை உள்ளதாகக் காட்டும் வாய்ப்பு 5 வீதத்திலிருந்து 61 வீதமாக உயரும் என அவர்கள் கணித்தனர்.

பின்னர், 2015 ஆம் ஆண்டில், 270 ஆராய்ச்சியாளர் கூடி மூன்று உளவியற் சஞ்சிகைகளில் வெளியான 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தனர். மூல ஆய்வுகளுள் 97 வீதமானவை பொருளுடைய பேறு தந்தனவாக அச்சேறியவை. மீண்டும் செய்தபோது 36 வீதமானவையே அவ்வாறு தந்தன. ஒரு மீள்பரிசோதனை தோற்றதனால் மட்டும் மூல ஆய்வு பொய்யாகிவிடாது. எனினும் இத்துணைப் பெரிய வேறுபாட்டைத் தற்செயலெனத் தள்ளிவிடுதல் இயலாது. கல்விமுறை, மருத்துவம், சிறுவர் வளர்ப்பு ஆகியன பற்றி முடிவுசெய்வோர் இவ்வாய்வுகளையே நம்பியிருக்கின்றனர் என்பதை எண்ணுங்கால் இதன் பாரம் விளங்கும்.

திருத்தும் வழிகள்

இக்குறைக்குக் காணப்பட்ட மருந்து கட்டுரையை எழுதத் தொடங்கும் காலத்தையே முன்தள்ளுவதாகும். ஆராய்வோர் தரவைத் திரட்டுமுன்னரே தம் கருதுகோள், பங்குபற்றுவோர் தொகை, அளக்கும் முறை, ஆராயும் முறை ஆகியவற்றைப் பொதுப் பதிவகமொன்றிலே நாளிட்டுப் பதிவுசெய்கின்றனர். பின்னர் வரும் கட்டுரையை அப்பதிவோடு ஒப்பிட்டு எவரும் பார்க்கலாம். திட்டத்திலிருந்து விலகுதல் குற்றமன்று. விலகியதைக் கூறாதிருத்தலே குற்றம். தரவைக் கண்டபின் தோன்றிய எண்ணங்களையும் எழுதலாம். அவை பின்னர்த் தோன்றியவை என வெளிப்படையாகக் கூறிவிட்டால் போதும்.

இன்னும் ஒரு படி மேற்சென்று, சில சஞ்சிகைகள் முன்னுரையையும் முறையையும் மட்டும் பெற்று மதிப்பிடுகின்றன. வினா தக்கது, முறை உறுதியானது எனக் கண்டால், பேறு எதுவாயினும் வெளியிடுவதாக உறுதி கூறுகின்றன. அதன் பின்னரே தரவு திரட்டப்படும். 2013 ஆம் ஆண்டில் கிறிஸ் சேம்பேர்ஸ் என்பாரின் முயற்சியால் ஒரு சஞ்சிகையிற் பரவத் தொடங்கிய இம்முறையை இன்று பல துறைகளிலும் முந்நூறுக்கு மேற்பட்ட சஞ்சிகைகள் ஏற்றுள்ளன. இதன் பயனை 2021 ஆம் ஆண்டின் ஓர் ஒப்பீடு காட்டுகின்றது. வழக்கமான உளவியற் கட்டுரைகளுள் 96 வீதமானவற்றில் முதற் கருதுகோள் நிலைபெற்றிருக்க, இம்முறையில் வெளியானவற்றுள் 44 வீதமானவற்றிலேயே அது நிலைபெற்றிருந்தது. ஆராய்வோர் எதிர்பார்த்தது பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் நிகழவில்லை என்பதை அத்துறை வெளிப்படையாகக் கண்டது.

அமெரிக்க உளவியற் சங்கம் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்டு 2018 ஆம் ஆண்டில் விரித்த அறிக்கை நியமங்களும் இந்நோக்கினவே. எத்தனை பேர் தொடங்கினர், எத்தனை பேர் இடையில் விலகினர், யாருடைய தரவு ஏன் நீக்கப்பட்டது என்பனவற்றையெல்லாம் கூறுமாறு அவை வேண்டுகின்றன. தரவுகளைக் கட்டுரை வெளியானபின் குறைந்தது ஐந்தாண்டுகளுக்கேனும் பேணி வைத்தல் ஆசிரியரின் கடமையாகும். அவற்றைப் பிறர் பார்க்கத்தக்க இடத்தில் வைத்தல் அதனினும் நன்று.

அனுப்புதலும் மதிப்பீடும்

கட்டுரை முடிந்தபின் சஞ்சிகையைத் தெரிதல் வேண்டும். அச்சஞ்சிகை வெளியிடும் பொருள், சொல்லெல்லை, ஆசிரியர்க்கான அறிவுறுத்தல்கள் ஆகியவற்றை முதலிற் படித்தல் வேண்டும். நான்கு புறமும் ஓர் அங்குல விளிம்பும், வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளியும், பக்க எண்ணும் பொது வழக்கு. ஒரே கட்டுரையை ஒரே காலத்தில் இரு சஞ்சிகைகளுக்கு அனுப்புதல் தகாது. ஆய்வுக்குச் சிந்தனையாலும் உழைப்பாலும் உண்மையாகத் துணைநின்றோர் மட்டுமே ஆசிரியராகப் பெயர் பெறுதல் வேண்டும். பதவி காரணமாக எவர் பெயரும் சேர்க்கப்படலாகாது. கணினிச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எழுதுவதற்குப் பயன்படுத்தினால் அதனை வெளிப்படையாகக் கூறவேண்டுமெனவும், அக்கருவியை ஆசிரியராகக் காட்டலாகாதெனவும் இன்று சஞ்சிகைகள் விதிக்கின்றன. மதிப்பீட்டாளர்க்கு ஆசிரியர் பெயர் மறைக்கப்படும் சஞ்சிகைகளுக்கு அனுப்புவோர், பெயரைத் தலைப்புப் பக்கத்தில் மட்டும் தனித்து வைத்து, உள்ளே தம்மை இனங்காட்டும் குறிப்புகளை நீக்குதல் வேண்டும்.

பெயரை மறைத்தற்குக் காரணம் உண்டு. டக்ளஸ் பீற்றர்ஸ், ஸ்ரீவன் சீசி என்னும் இருவர், புகழ்பெற்ற நிறுவனங்களைச் சேர்ந்தோர் எழுதி ஏலவே வெளியான பன்னிரண்டு கட்டுரைகளை எடுத்து, ஆசிரியர் பெயரையும் நிறுவனப் பெயரையும் கற்பனைப் பெயர்களாக மாற்றி, அவை வெளியான அதே சஞ்சிகைகளுக்கு அனுப்பினர். மூன்றே கண்டுபிடிக்கப்பட்டன. எஞ்சிய ஒன்பதுள் எட்டு நிராகரிக்கப்பட்டன. முறையிற் பெருங்குறைகள் உள்ளன என்பதே பெரும்பாலும் கூறப்பட்ட காரணம். 1982 ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு, மதிப்பீட்டாளரும் மனிதரே என்பதை நினைவூட்டுகின்றது. முதன்முறை நிராகரிக்கப்பட்டமையால் மட்டும் கட்டுரை பயனற்றதென இளம் ஆராய்ச்சியாளர் சோர்வடைதல் வேண்டா.

அதே வேளை மதிப்பீட்டாளரின் குறிப்புகளைப் பகைமையாகக் கொள்ளுதலும் தவறு. திருத்தி அனுப்புமாறு பதிப்பாசிரியர் கேட்டால், ஒவ்வொரு குறிப்பையும் எண்ணிட்டு எழுதி, அதன் கீழ்த் தாம் செய்த மாற்றத்தையும் அது கட்டுரையில் உள்ள இடத்தையும் காட்டுதல் வழக்கு. உடன்படாதவிடத்துச் சான்றோடு மறுக்கலாம். மௌனமாகத் தவிர்த்தல் கூடாது. ஓரிடத்தைப் படித்து மதிப்பீட்டாளர் பிழைபட விளங்கிக்கொண்டார் எனின், ஏனை வாசகரும் அவ்வாறே விளங்கிக்கொள்ளக்கூடும். அவ்விடத்தைத் தெளிவுறுத்துதலே தக்க விடையாகும்.

மேலைநாட்டுக்கு அப்பாலிருந்து எழுதுவோர்

உளவியற் சஞ்சிகைகளில் எவரைப் பற்றிப் பேசப்படுகின்றது என்பதை ஜெஃப்றி ஆனெற் 2008 ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். அமெரிக்க உளவியற் சங்கத்தின் முதன்மையான ஆறு சஞ்சிகைகளில் ஆராயப்பட்டோருள் 96 வீதமானோர் மேலைக் கைத்தொழில் நாட்டினர் எனக் கண்டார். அவர்களிடம் கண்டது எல்லோர்க்கும் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. முனைகளில் அம்புக்குறிகள் உள்நோக்கியும் வெளிநோக்கியும் அமைந்த இரு சமகோடுகள் நீளத்தில் வேறுபட்டனவாகத் தோன்றும் கண்மயக்கம் பாடநூல்களில் பெயர்பெற்றது. அம்மயக்கமும் மக்களுக்கு மக்கள் அளவில் வேறுபடுகின்றது என்பதை 1966 ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டாய்வு காட்டியது.

எனவே இலங்கை போன்ற நாடுகளிலிருந்து எழுதப்படும் கட்டுரைக்குத் தனிப்பயன் உண்டு. அப்பயன் கைகூடுவதற்குப் பங்குபற்றியோரின் மொழி, வயது, கல்வி, வாழிடம் ஆகியவற்றை விரிவாகக் கூறுதல் வேண்டும். ஆங்கிலத்தில் ஆக்கப்பட்ட வினாக்கொத்தைத் தமிழிற் பெயர்த்துப் பயன்படுத்தினால், பெயர்த்த முறையையும் எழுதுதல் வேண்டும். ஒருவர் தமிழாக்கியதை, மூலத்தைக் காணாத இன்னொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி, அதனை மூலத்தோடு ஒப்பிடும் முறையை 1970 ஆம் ஆண்டில் றிச்சட் பிறிஸ்லின் விளக்கினார். மனச்சோர்வு, கவலை, நாணம் முதலிய சொற்கள் மொழிக்கு மொழி வேறு எல்லைகளை உடையன; சொல் பெயர்ந்தாலும் பொருள் பெயராதிருத்தல் கூடும். தமிழ் வினாக்கொத்தையும் பிற்சேர்க்கையாக வைத்தல், அடுத்து ஆராய்வோர்க்குப் பேருதவியாம்.

இங்ஙனம் நோக்குமிடத்து, கட்டுரையமைப்பு விதிகளுள் விளிம்பையும் இடைவெளியையும் பற்றியவை எளிதிற் கற்கத்தக்கவை. கணினியும் அவற்றைத் திருத்தித் தரும். எது முன்னர் எண்ணப்பட்டது, எது பின்னர்த் தோன்றியது, எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பவற்றை நிகழ்ந்தவாறே எழுதும் விதியைக் கணினி திருத்தித் தாராது. அவற்றை அறிந்தவர் ஆராய்வோர் ஒருவரே. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என நேர்மையாக எழுதிய கட்டுரை, அதே வழியில் வீணே செல்லவிருந்த பலரின் ஆண்டுகளை மீட்டுத் தருகின்றது. ஆராய்ச்சியைக் கற்கத் தொடங்கும் மாணவர், புள்ளிவிபரக் கணக்கைப் பழகும் அதே நாளிலிருந்து இவ்வொழுக்கத்தையும் பழகுவாராயின், அவர் எழுதும் கட்டுரை அச்சேறினும் ஏறாதொழியினும் அறிவுலகம் நம்பத்தக்கதாய் நிற்கும்.